அக்கா மேல் விழுந்த சொல்

அக்கா வருவது எனக்கு முதலில் காதில்தான் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நூறு பேர் நடந்தாலும் அவள் நடை தனி. சரக் சரக்கென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வருவாள். குறை அவள் காலில் இல்லை, செருப்பில். ஆபரேஷன் கருவிகளை எண்ணிக் கட்டி, ஆவியில் கிருமி நீக்கி அனுப்பும் அறையில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. அந்த அறை வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சொந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் கிடக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். எவனோ ஒரு புண்ணியவான் அத்தனையும் ஒன்பதாம் நம்பரில் மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டான். அக்காவின் கால் ஐந்தாம் நம்பர். சின்ன அளவு வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள், மூன்றையும் நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் இல்லை. காலைத் தூக்கி வைத்தால் செருப்பு பின்தங்கிவிடும், அதனால் இழுத்தே நடக்கப் பழகிவிட்டாள். யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் அதை மாற்றாமலே வராந்தாவுக்கு வந்துவிடுவாள்.

நான் மொழிபெயர்ப்பாளன். நகல் எடுக்கும் கடையின் பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஐந்து அகராதிகள், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், வேலைநீக்க உத்தரவு, எதைக் கொண்டுவந்தாலும் அந்தப் பக்கத்து மொழியை இந்தப் பக்கம் கொண்டுவந்து முத்திரை குத்திக் கொடுப்பேன். எனக்கு முன்கோபம் உண்டு. தப்பான சொல்லைக் கண்டால் பல்லைக் கடிப்பேன். "நீ ஒருத்தன்தான் உலகத்துல சரியா எழுதுறவன்" என்று அக்கா கிண்டல் செய்வாள். அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பது வழக்கம். நான் மட்டும் யோக்கியனா? ஒருநாள் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. காது டாக்டர் வாசலில் அறுபது பேர் இருந்தார்கள். நான் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ" என்றேன். கொஞ்ச நேரத்தில் வந்தாள், நர்ஸிடம் ஏதோ பேசினாள், என்னை உள்ளே அழைத்துப்போனாள். உள்ளே என்னவோ தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுத்தார்கள். வெளியே வந்ததும் உலகமே புதிதாகக் கேட்டது. முதலில் கேட்டது அக்கா திரும்பிப் போகும் சரக் சரக்தான். "இப்ப நல்லாக் கேக்குதுக்கா" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவள் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாகப் போனாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். கழுவி வந்த கருவிகளை மேஜையில் பரப்பி, பட்டியலைப் பார்த்து எண்ண வேண்டும். இடுக்கி இத்தனை, கத்தரி இத்தனை, ரத்தக்குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் இத்தனை. எண்ணி முடித்ததும் இரட்டைத் துணியில் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும், ஆவியில் வெந்து வந்ததும் கறுத்துவிடும். டேப்பின் மேல் தேதியும், கட்டியவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஒரே அர்த்தம்தான்: நான் எண்ணினேன்.

வேலைக்கு நடுவில் ஈரக்கையோடு டேப்பில் எழுதினால் மை இழுகிவிடும். அதனால் அந்த அறையில் எல்லாரும் காலையில் வந்ததும், கை உலர்ந்திருக்கும்போதே, அன்றைக்கு வேண்டிய டேப்பை வெட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, மேஜை ஓரத்தில் வரிசையாக நுனியை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அப்படித்தான் இருந்ததாம். அத்தான் போன பிறகு, மகளும் படிக்க வெளியூர் போன பிறகு, அந்த மேஜைதான் அவளுக்கு வீடு மாதிரி. "அந்த ரூமுக்குள்ள போனாத்தான் இந்தக் கை எதுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியுது" என்று ஒருமுறை சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட கட்டு ஒன்றுகூடக் குறைந்து போனதில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா என் கடைக்கு வந்தாள். சொந்தச் செருப்பில் வந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு கவர்.

"மெமோ குடுத்திருக்காங்கடா. தமிழ்ல எழுதிக் குடு. அத வச்சு நான் பதில் எழுதணுமாம்" என்றாள்.

வாங்கிப் படித்தேன். தலைமை நர்ஸான மேட்ரன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கட்டைப் பிரித்தபோது ஒரு கிளாம்ப் குறைந்திருக்கிறது. நோயாளி மேஜையில் மயக்கத்தில். வேறு கட்டு வரும்வரை நாற்பது நிமிஷம் ஆபரேஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. டேப்பில் இருந்தது அக்காவின் கையெழுத்து. கடைசிப் பாராவில் அவள் வேலையைப் பற்றி ஒரு சொல் போட்டிருந்தார்கள். ஸ்லிப்ஷாட். குற்றம் உறுதியானால் அந்த அறையிலிருந்து மாற்றப்படுவீர்கள் என்றும் இருந்தது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். அலட்சியமான, ஏனோதானோ வேலை என்று அர்த்தம். சும்மா கவனக்குறைவு என்றால்கூட ஒருநாள் தவறு என்று விட்டுவிடலாம். இது அப்படியில்லை, ஆளையே சொல்லும் சொல். உன் வழக்கமே இதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"ஒரு கட்டுல ஒண்ணு குறைஞ்சுதாம். அவசரத்துல நடந்துபோச்சுன்னு போட்டிருக்காங்க. பெருசா ஒண்ணுமில்ல."

"அவசரத்துலன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். என் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த அலுவலகக் கடிதத்துக்கும் தலையில் நாலு வரி இருக்கும்: எண், தேதி, பொருள், பார்வை. எது எந்த நாளில் நடந்தது என்பது பொருள் வரியிலேயே இருக்கும். தினமும் முப்பது கடிதம் பார்க்கிறவனுக்கு அந்த வரிகள் எல்லாம் ஒன்றுபோல்தான். விரல் பார்த்துக்கொள்ளும், மண்டைக்கு வேலையில்லை. தலை நாலு வரியை அப்படியே அடித்தேன். கடைசிப் பாராவில் மட்டும் உட்கார்ந்து யோசித்து, 'அவசரத்தில் நேர்ந்த செயல்' என்று மாற்றி எழுதினேன். முத்திரை குத்தினேன். மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடாத வேலை என்று தெரிந்தேதான் செய்தேன். என் அக்கா அல்லவா?

அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். "சரிடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்து என்ன சொல் போடுகிறார்கள்! அகராதிகளை இறக்கினேன். பெரிய அகராதி ஒன்று நூலகத்தில் இருந்தது, மறுநாள் கடையை அடைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தேன். ரெண்டு நாள் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் பழைய சொல் அது. ஸ்லிப் என்பது காலை நுழைத்துக்கொள்ளும் தளர்ந்த செருப்பு. ஷாட் என்றால் காலில் அணிந்த. ஆக, முதலில் அதற்கு வசையே கிடையாது. தளர்ந்த செருப்பு போட்டவர், அவ்வளவுதான். பிறகு குதிகால் தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறவர் என்று ஆனது. அப்படி நடக்கிறவர் சோம்பேறியாகத்தான் இருப்பார் என்று எவனோ முடிவுகட்டினான். கடைசியில் செருப்பு கழன்று போய்விட்டது, வசை மட்டும் தங்கிவிட்டது. செருப்பு போட்ட மனிதரை விட்டு அவர் செய்யும் வேலையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

ஒன்பதாம் நம்பர் செருப்பை மாட்டிவிட்டவர்களே அவளைச் செருப்பு இழுக்கிறவள் என்கிறார்களா! என் மேஜையில் நானே ஒரு குத்து விட்டேன். அன்றே அவளுக்காக ஒரு விளக்கக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். மூன்று பக்கம். சொல்லின் வரலாறு, செருப்பின் அளவு, நாங்கள் எழுதிக் கொடுத்த மூன்று மனுக்களின் விவரம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே என் மேல் ஒரு பிரமிப்பு வந்துவிட்டது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே அவளோடு வேலை செய்யும் கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவைவிட ஏழு வயது மூத்தவர், ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. பாட்டில் அடி மாதிரி கண்ணாடி போட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். அழுது கண் சிவந்திருந்தது.

"தம்பி, நீயாவது உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லுப்பா" என்றார். "அந்தக் கட்டக் கட்டினது நானு. எனக்கு ரெண்டு வருஷமா கிட்டத்துல இருக்கிறது சரியாத் தெரியறதில்ல. நான் கட்டுறத எல்லாம் உங்க அக்காதான் ஒருவாட்டி எண்ணிப் பாத்துட்டு அவ டேப்ப ஒட்டுவா. அன்னிக்கு அவ கொஞ்ச நேரம் வெளில போயிருந்தா. தியேட்டர்லருந்து அவசரமாக் கேட்டாங்க. நான் எண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சுன்னு நெனச்சேன். அவ டேப் தொங்கிட்டிருந்துச்சு, எடுத்து ஒட்டிட்டேன். நான் போய் உண்மையச் சொல்லிடுறேன்னா இவ விடமாட்டேங்குறா."

"சொன்னா உங்கள நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு, இன்னொரு கண்ணுக்கு நாள் குறிச்சிருக்கு. காசில்லாமப் பாக்குறதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை இருக்கிறவரைக்கும்தான்" என்றாள் அக்கா. "போய்ப் படுங்க. நான் பாத்துக்கிறேன்."

கண்ணாடியம்மா போனதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது.

"அக்கா, நீ என்ன தியாகியா? கட்டினது அவங்க. கண்ணு தெரியாதவங்க அந்த வேலையில இருக்கிறதே தப்பு. நாளைக்கு ஒரு உசுரு போயிருந்தா? நேரா மேட்ரன்கிட்ட போய் அவங்க பேரச் சொல்லு. உன் பேரு சுத்தமா வெளிய வந்துரும்."

அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அவங்க பேரச் சொல்லச் சொல்றியா?"

"வேற யாரு பேரச் சொல்றது?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, நீ எங்க போயிருந்த அப்ப?" என்றேன், ஏதோ ஞாபகம் வந்தவனைப் போல.

நெடுநேரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு வேலையா வெளில போயிருந்தேன்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நான் என் மூன்று பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். செருப்பு விஷயம் வந்தபோது அவள் லேசாகச் சிரித்தாள். "நல்லா எழுதியிருக்கடா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை காலை. நிர்வாகக் கட்டடத்தில் ஒரு நீள மேஜை. மேட்ரன், தியேட்டர் பொறுப்பு டாக்டர் ஒருவர், அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் அக்கா ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவரலாம் என்று விதி இருந்தது. நான்தான் போனேன். அவள் அறையிலிருந்து நேராக வந்தாள். அன்று அவளுக்கு யாரும் செருப்பு மாற்ற நேரம் கொடுக்கவில்லை போல, ரப்பர் செருப்போடேயே வந்தாள். சரக் சரக்.

முதலில் எனக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று மூன்று பக்கத்தையும் ஆங்கிலத்தில் வாசித்தேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்தக் காலில் நடந்தது, எப்படி வசையானது, அதே செருப்பை இந்த ஆஸ்பத்திரியே எப்படி என் அக்காவின் காலில் மாட்டியது. டாக்டர் சிரித்துவிட்டார். அதிகாரி மேஜைக்கு அடியில் எட்டி அக்காவின் காலைப் பார்த்தார். மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "செருப்பு அளவு மாற்றப்படும், குறித்துக்கொள்ளுங்கள்" என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கிளாம்ப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே" என்றார்.

அந்தம்மா சொன்னது சரி. மூன்று பக்கத்தில் மயக்கத்தில் கிடந்த நோயாளிக்கு ஒரு வரி இல்லை. எனக்கு முகம் சூடானது. உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் வெறும் குழாய். அந்தப் பக்கம் வந்ததை இந்தப் பக்கம் விட வேண்டும்.

"இந்தக் கட்டைக் கட்டியது நீங்கள்தானா?"

"நாந்தான்" என்றாள் அக்கா. நான் அவளைப் பார்த்தேன். அவள் மேட்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்த்தேன்.

மேட்ரன் கோப்பைப் புரட்டினார். குரலில் கோபம் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு தவறும் இல்லாத ஆள் அன்றைக்கு மட்டும் ஏன் தவறினார் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்றார். பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி வாக்கில். உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

நான் அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தேன். பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை என்று என் வாயே சொன்னது. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

காது டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பார்ப்பார். பதினான்காம் தேதி போட்ட அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருந்தது. பத்தேகாலுக்கு நான் போன் போட்டேன். அஞ்சு நிமிஷம் என்றேன், நாற்பது நிமிஷம் ஆனது. அவள் திரும்பிப் போகும்போது வராந்தாவில் சரக் சரக் என்று கேட்டதே, சிவப்புக் கோட்டில் செருப்பை மாற்றக்கூட நிற்காமல் எனக்காக ஓடிவந்திருக்கிறாள். நான் பின்னாலிருந்து நல்லாக் கேக்குதுக்கா என்று கத்தினேன்.

"காலைல கொஞ்ச நேரம் வெளில போயிட்டேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்த அவசரத்துல எண்ணாமக் கட்டிட்டேன்."

மொழிபெயர்த்தேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"எதற்காக வெளியே போனீர்கள்?"

"சொந்த வேலை."

நான் நிமிர்ந்தேன். சொல்லிவிட வேண்டும், அந்தச் சொந்த வேலை நான்தான், என் காது அழுக்குதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் வந்து என் காலை மிதித்தது. அந்தப் பெரிய ரப்பர் செருப்போடு, அழுத்தி. "சொந்த வேலை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அவள் மிதித்ததால்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அவள் காலை எடுத்துக்கொண்ட பிறகும் விசாரணை கால்மணி நேரம் நடந்தது. நான் பேசவில்லை. மூன்று பக்கம் வாசித்த அதே வாய்.

முடிவைப் பன்னிரண்டு மணிக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த அறையிலிருந்து மாற்றம். துணிக்கிடங்கில், வெளுத்து வந்த விரிப்புகளை எண்ணி அடுக்கும் வேலை. காலையில் முன்கூட்டியே டேப்பில் கையெழுத்துப் போடும் வழக்கம் உடனே நிறுத்தப்படும் என்றும் இருந்தது. அது நல்ல காரியம்தான். மெமோவில் இருந்த அந்தச் சொல் உத்தரவிலும் அப்படியே இருந்தது. இனி அது அவள் கோப்பில் கடைசிவரை கிடக்கும்.

ரெண்டு பேரும் கட்டடத்துக்குப் பின்னால் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா உத்தரவை என்னிடம் நீட்டினாள்.

"தமிழ்ல எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி குடுக்கணும். இந்தத் தடவ அந்த வார்த்தைய உள்ளபடி எழுதுடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு அர்த்தம் தெரியுமா?"

"மெமோவ கையில குடுக்கும்போதே மேட்ரன் சொல்லிட்டாங்க. நீ அலட்சியமா வேல பாக்குறேன்னு எழுதியிருக்கேன், படிச்சுக்கோன்னு."

"அப்புறம் ஏன் எங்கிட்டக் கொண்டாந்த?"

அக்கா செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து, விரல்களை நீட்டி மடக்கினாள்.

"பொருள்னு இருக்கிற வரியில அந்தத் தேதி போட்டிருந்துச்சே. நீ பாத்தா நீயே ஏதாவது சொல்லுவேன்னு வந்தேன். நீ பாத்த. உன் கையாலயே அத டைப் அடிச்ச. அடிச்சுட்டு, அவசரத்துல நடந்துச்சுன்னு போட்டிருக்கு, பெருசா ஒண்ணுமில்லன்ன. சரி, இவனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, பயந்துட்டான், பூசி மெழுகுறான்னு நெனச்சேன். போகட்டும், நம்ம தம்பிதானேன்னு விட்டுட்டேன்."

"அக்கா, சத்தியமா..."

"இருடா. அதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியம்மாவக் காட்டிக் குடுன்னு நின்ன பாரு. உன்ன மறைச்சுக்க அந்தக் கண்ணு தெரியாதவங்கள முன்னால தள்ளிவிடுறியேன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

நான் அழுதேன். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஆண்பிள்ளை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தேதி தெரியாது, நான் பார்க்கவே இல்லை, கை அடித்தது, கண் பார்க்கவில்லை, இன்றைக்கு அந்த மேஜையில்தான் தெரிந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் கேட்டது. ஒரு சொல்லுக்காக ரெண்டு நாள் நூலகத்தில் கிடந்தவன் ஒரு தேதியைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காரு" என்றாள். "நீ போய் நாப்பது நிமிஷம் நான் உங்கூட இருந்தேன்னு சொன்னா, அப்ப ரூம்ல யாரு கட்டுனதுன்னு கேப்பாங்க. அவங்க கண்ணு ஆபரேஷன் அடுத்த வாரம். நான் பொய் சொன்னதும் சேந்து வரும். எல்லாத்தையும் கெடுக்காத."

"நான் சொன்னத நம்புறியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

அக்கா காலை மறுபடி செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். எழுந்து நின்று என் தோளில் கையை வைத்தாள். "வீட்டுக்குப் போ. உன் கடைக்கு யாராவது வந்து நிப்பாங்க" என்றாள். வராந்தாவில் சரக் சரக்கென்று போய், சிவப்புக் கோட்டில் கடைசித் தடவையாக அதைக் கழற்றி வைத்தாள்.

அன்று சாயங்காலம் உத்தரவைத் தமிழில் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு 'அலட்சியமான, ஏனோதானோ வேலை' என்று உள்ளபடி போட்டேன். தலை நாலு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்து, தேதியில் விரலை வைத்துச் சரிபார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஆள் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கண்ணாடியம்மாவுக்குக் கண் பரவாயில்லை. கருவி அறைக்குச் சின்ன அளவுச் செருப்பு வந்துவிட்டதாம், ஐந்தாம் நம்பர்கூட இருக்கிறதாம். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. துணிக்கிடங்கில் சிவப்புக் கோடு கிடையாது, சொந்தச் செருப்போடேயே உள்ளே போகலாம். போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். விரிப்புகளுக்கு நடுவில் நின்று என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "எப்படா வந்த?" என்று எனக்கு நேர் பின்னால் கேட்டாள். அவள் வந்தது எனக்குக் கேட்கவே இல்லை.